ரொட்டிக் கூடையில் வந்த எசப்பாட்டு

— அது நடக்காது கொழுந்தனாரே. கைய எடு, பிசைஞ்ச மாவுல சிமெண்டு உதிருது.

— மதினி, இப்படி ஒரேயடியா கைவிரிச்சா நான் எங்க போவேன்? நாளைக்கு மாதா திருநாள். ஊரே பாட்டு மேசையச் சுத்தி நிக்கும். லீரா வாத்தியக்காரன் வில்ல எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்ததும் எல்லாக் கண்ணும் என் மேலதான் திரும்பும்.

— திரும்பட்டுமே. வாயத் தொறந்து பாடு.

— எதப் பாட? நீங்க கட்டிக் குடுத்தாத்தானே நான் பாடுவேன்!

— இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. கடை வாசல்ல ரொட்டிக்கு நிக்கிறவங்க காதுலயும் விழட்டும். எசப்பாட்டுல புலி, கொத்தனார் மினாஸ், அண்ணன் பொண்டாட்டிகிட்ட வந்து பாட்டுப் பிச்சை கேக்குறாருன்னு தெரியட்டும்.

— ஐயோ, மெதுவா மதினி! தல சுத்துது எனக்கு. நான் என்ன புதுசாவா கேக்குறேன்? வழக்கம்போல நீங்க ரொட்டிக் கூடைய மேசையில வைக்கிற சாக்குல குனியுங்க, என் காதுல ரெண்டடியப் போடுங்க, நான் குவளையத் தூக்கிட்டு எந்திரிக்கிறேன். இத்தனை வருஷத்துல ஒரு பயலுக்குத் தெரிஞ்சுதா?

— தெரியலதான். குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சே, அதுவும் ஒருத்தருக்கும் தெரியல.

— விளையாடாதீங்க. ஊர்த் தலைவர் லெப்தெரிஸ் என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? ரோட்ஸ் தீவுலேருந்து ஒலிபெருக்கிக்காரனக் கப்பல் ஏறச் சொல்லிட்டாரு. 'இளவட்டங்களுக்கு எசப்பாட்டு அலுத்துப் போச்சு. மினாசும் நிகிதாசும் பாடுற வரைக்கும் பாடட்டும், ரெண்டுல ஒருத்தன் ஓய்ஞ்சா அந்த நிமிஷமே பொத்தான அமுக்கி ரெக்கார்டு போட்டுடுவேன்'ங்கிறாரு. ஒரு வருஷம் அமுக்குனாருன்னு வைங்க, அடுத்த வருஷம் மேசையே போட மாட்டாங்க. அமெரிக்காவுலேருந்து, ஆஸ்திரேலியாவுலேருந்து வர்றவன் எல்லாம் எங்க ரெண்டு பேரும் முட்டிக்கிறதப் பாக்கத்தான் வர்றான். இல்லேன்னா அவன் ஏதென்ஸ்லயே இறங்கி கடற்கரையில படுத்துக்குவான்.

— எனக்கு மட்டும் வலிக்கலையா? அந்த மேசைதான்டா எனக்கு உசுரு.

— உசுருன்னா குடுங்க!

— உசுருங்கிறதாலதான் குடுக்க மாட்டேன். நீயே கட்டு. இந்தா, நான்தான் நிகிதாஸ். வலையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து உன் எதிர்ல உக்காந்திருக்கேன். பாடு பாப்போம்.

— இப்பவேவா?

— நாளைக்கு மட்டும் வானத்துலேருந்து கொட்டுமா?

— ம்... 'நிகிதாசே, நிகிதாசே, நீ ஒரு மீன்காரன்...'

— சரி.

— 'நான் ஒரு கொத்தனாரு... நாளைக்குத் திருநாளு...'

— சரி. அதுக்கு என்ன இப்போ?

— அவ்வளவுதான் மதினி வருது.

— அட போ. லீராக்காரன் வில்லால உன் மண்டையில போடுவான்.

— அதான் சொல்றேன்ல! போன வருஷம் நீங்க குடுத்தது எப்படி இருந்துச்சு! 'வலைய வீசி நிகிதாசு வாரிப் போட்டது பழஞ்செருப்பு, விலைக்கு வாங்கி வந்த மீன வீராப்பாக் காட்டுறாரு!' எப்படிச் சிரிச்சாங்க! பாதிரியார் தாடியில ஒயினு ஒழுகுச்சு.

— ஆமா. சிரிச்சாங்க. உன் முதுகுல தட்டுனாங்க. நான் காலிக் கூடையோட சமையக்கட்டுக்குப் போனேன்.

— அக்கா! செவஸ்தியக்கா! பின்கதவ ஏன் சாத்தி வெச்சிருக்க?

— ஐயய்யோ, நிகிதாஸ்! மதினி, அவன் என்னைய இங்க பாத்தான்னா என் மானம் போச்சு!

— ரொட்டி வாங்க வந்தேன்னு சொல்லேன்.

— பின்கட்டுலயா? நான் இந்த மாவு மூட்டைக்குப் பின்னால இருக்கேன். அவன உடனே அனுப்பிருங்க. மாதா மேல ஆணை, அனுப்பிருங்க!

— தொறந்துதான் இருக்கு நிகிதாஸ், தள்ளிட்டு வா.

— யார்கூடக்கா பேசிட்டிருந்த?

— மாவுகூடத்தான். திருப்பிப் பேசாது பாரு, அதான் பிடிக்கும். என்ன சேதி?

— என்ன சேதியா? நாளைக்கு எனக்கு என்ன வெச்சிருக்க?

— அடுப்பு சத்தத்துல ஒண்ணும் கேக்கல. மூட்டைப் பக்கமா வந்து, கொஞ்சம் சத்தமாச் சொல்லு.

— நாளைக்கு மினாச மடக்க எனக்கு ரெண்டடி வேணும்னேன்! போன வருஷம் நீ என் காதுல போட்டியே, 'கொத்தன் மினாசு கட்டுன வீட்டைக் கோழி உரசிச் சாஞ்சுபோச்சு, மெத்தப் பெரிய மேஸ்திரி சொல்றாரு, மேல்காத்து அடிச்சுதாம்!' அதவிடக் காரமா வேணும். அவன் மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி ஆகணும். ஆமா, சொல்லிப்புட்டேன்.

— ஹச்!

— என்னக்கா, மாவு தும்முது?

— இதுவரைக்கும் தும்முனதில்ல.

— மதினி! அந்தக் கோழிப் பாட்டு இந்தக் கடையில வாங்குனதா?

— அடப் பாவி மினாசு! நீ இங்க என்னடா பண்ற, மூஞ்சியெல்லாம் வெள்ளையா?

— நான்... ரொட்டி வாங்க வந்தேன்.

— மூட்டைக்குள்ள தலைய விட்டா? ரொட்டி அடுப்புல இருக்குடா. இரு, இரு. அப்போ அந்தப் பழஞ்செருப்பு?

— அது நான் கட்டினதுதான் நிகிதாஸ். மறைக்க மாட்டேன்.

— அக்கா! அந்தச் செருப்பால நான் பட்ட பாடு! இன்னிக்கும் துறைமுகத்துல பொடிசுங்க 'என்ன மாமா, இன்னிக்கு இடது காலா வலது காலா'ன்னு கேக்குதுங்க. இவன் அறிவுன்னு நெனச்சு இவனப் பாத்து பயந்துட்டில்ல கெடந்தேன்!

— நான் மட்டும்? உன் வீட்டுப் பக்கம் போனா கோழியப் பாத்துக்கூட ஒதுங்கிப் போனேன்டா நான்!

— ரெண்டு பேரும் கத்தாதீங்க, மாவு அமுங்கிடும்.

— அதெல்லாம் இருக்கட்டும். மினாசுன்னா கேட்ட உடனே குனிஞ்ச. எனக்குன்னா மட்டும் பொம்பளைங்க நிக்கிற மூலை வரைக்கும் போய்ச் சுத்திட்டுத்தான் வருவ. நான் குவளையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கை மரத்துப் போய் நிப்பேன். கொழுந்தன்னா ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

— கூடைய நிரப்பிட்டு வர வேண்டாமா?

— சிரிக்காதடா மினாசு!

— சிரிக்காம என்னடா செய்ய? நம்ம ரெண்டு பேரும் எதிரும் புதிருமா மல்லுக் கட்டுனோம், ஊரு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கை தட்டுச்சு. கடைசியில பாத்தா ரெண்டும் ஒரே அடுப்புல வெந்த ரொட்டி!

— எனக்கும் சிரிப்புதான் வருது, போ. மூஞ்சியத் தொடை, பேயி மாதிரி இருக்க.

— நிகிதாஸ்... ஒண்ணு கேக்கவா? ஈஸ்டருக்குப் பாடுனியே. என்னப் பாத்து.

— எத?

— தெரியாத மாதிரி கேக்காத. 'குத்தஞ் சொல்லிக் கோணச் சுவரக் கூவித் திரிஞ்சேன் வருசமெல்லாம், பெத்தவள நீ புதைச்ச அன்னைக்குப் பேசாம நின்னேன், மன்னிச்சிரு.' அத நீ பாடுன பிறகுதான் நாம திரும்பப் பேசிக்கிட்டோம். நான் மேசையில தலைய வெச்சு அழுதேன். லீராக்காரன் வாசிக்கிறத நிறுத்திட்டான். அதுவும் ரொட்டிக் கூடையில வந்ததுதானா? அப்போ நீ மன்னிப்பே கேக்கலையா?

— மினாசு, கேளு. வார்த்தை என்னோடது இல்ல. ஆனா நான் சொல்ல நெனச்சது அப்படியே அதுதான். உங்கம்மா அடக்கத்தப்போ உன் பக்கத்துல வந்து நின்னேன், ஒரு வார்த்தை வரல. நீ கட்டுன சுவரு கோணல்னு நான் போட்ட சண்டை நடுவுல நின்னுச்சு. வீட்டுக்குப் போயி ராத்திரியெல்லாம் பொலம்புனேன். பாடும்போது அழுதேன் பாத்தியா, அது யாரும் கட்டிக் குடுத்தது இல்ல. ஆமா, சொல்லிப்புட்டேன்.

— அப்போ சரி. எனக்கு அது போதும். ஆனா மதினி, இவன் மனசுல இருந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— எனக்கு எப்படித் தெரியும்? பேச்ச விடு. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஒரு அடிகூடக் கெடையாது.

— அக்கா! ஒலிபெருக்கி!

— தெரியும். மேசையும் நிக்கணும், பாட்டும் நிக்கணும். அதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு எனக்குப் பாட்டு மேசையோரத்துல ஒரு நாற்காலி போடுங்க.

— பரிமாறிட்டு உக்கார்றதுக்கா?

— பாடுறதுக்கு.

— மதினி... மேசையில பொம்பளை உக்காந்ததே இல்லையே.

— மேசை கடிக்குமா? கேளுடா. நான் கட்டுன ரெண்டடிக்கு ஊரே சிரிக்குது, ஊரே அழுவுது. நான் கூடையத் தூக்கிக்கிட்டு நடந்து போயிடுறேன். இன்னும் எத்தனை வருஷம் கட்டுவேன்னு தெரியல. ஒரு தடவ, ஒரே தடவ, என் வாயால பாடி, அது போய் ஒருத்தர் நெஞ்சுல விழுறத நேருக்கு நேரா பாக்கணும். வேற ஆசையே இல்ல எனக்கு.

— அழாதீங்க மதினி.

— அழல. வெங்காய ரொட்டிக்கு நறுக்கினது.

— உங்கள நான் வேணாங்கல. அண்ணன் என்ன சொல்லுவாரோன்னுதான்.

— உங்கண்ணன் வேலை பாக்குற கப்பலுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியாச்சு. 'தாராளமாப் பாடு, என்னப் பத்தி மட்டும் பாடாத'ன்னாரு.

— தலைவரு?

— தலைவர் ரொட்டி எங்க வாங்குறாரு? நாளைக்கு ஊருக்கே சோம்பு ரொட்டி யாரு சுடணும்? அத நான் பாத்துக்கிறேன்.

— அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உனக்கு நாற்காலி போட்டா அடுத்த வருஷம் எல்லாப் பொம்பளையும் கேப்பா.

— கேக்கட்டும். மேசை நீளந்தானே.

— என் பொண்டாட்டி மரூக்லா ஒருத்திதான் கேக்க மாட்டா. நாலு பேரு முன்னால உப்பு வேணும்னு கேக்கவே கூச்சப்படுவா, பாவம்.

— அப்படியா.

— சரி, உன் பக்கம்தான் நான். நாற்காலிய நானே தூக்கிட்டு வர்றேன், எவன் கேக்குறான்னு பாக்குறேன். ஆனா பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. எசப்பாட்டுன்னா எதிர்ல ஒரு ஆளு வேணும். நீ ஒண்ணு போட்டா, சூடு ஆறுறதுக்குள்ள எதிர்ல இருக்கிறவன் திருப்பிப் போடணும். எங்க வண்டவாளம்தான் இப்பத் தெரிஞ்சு போச்சே. இவனுக்கு 'நிகிதாசே நிகிதாசே'க்கு மேல வராது.

— கதவுக்கு வெளிய நின்னு கேட்டியா நீ?

— கொஞ்சம். பாடுனது நீன்னு அப்பத் தெரியல. எனக்கு அதுவும் வராது. நீயே பாடி நீயே பதில் சொல்லிக்கிட்டா, தலைவர் சிரிச்சுக்கிட்டே பொத்தான அமுக்குவாரு. பாட்டு மேசையோட சவப்பெட்டிக்கு நாமளே ஆணி அடிச்ச மாதிரி ஆயிடும்.

— அவன் சொல்றது சரி மதினி. எனக்கு மறுபடியும் தல சுத்துது.

— சுத்த வேணாம். எதிர்ல உக்கார ஆள் இருக்கு. எனக்குச் சோடிக்குச் சோடி. சில நாள் என்னையே வாயடைக்க வெக்கிற ஆள்.

— யாரு? ரோட்ஸ்லேருந்து வரவழைக்கிறீங்களா?

— நம்ம ஊருதான். தினமும் காலையில வந்து ரொட்டி வாங்கும்போது, நான் உனக்குக் கட்டுனதக் கேட்டுட்டு, சில்லறை எண்ணி முடிக்கிறதுக்குள்ள பதில் போட்டுட்டுப் போற ஆளு. அந்தக் கோழிப் பாட்டக் கட்டின ஆளு. அந்த மன்னிப்புப் பாட்டையும்.

— அது நீங்க கட்டினது இல்லையா?

— நான் எப்ப அப்படிச் சொன்னேன்? உன் பாட்டு மட்டுந்தான்டா நான் கட்டினது. இவன் பாட்டுக்கெல்லாம் நான் கூடை தூக்கினவதான். மேசையில நீங்க முட்டிக்கும்போது அவ பொம்பளைங்க மூலையில நின்னுக்கிட்டு, 'என் பேரச் சொல்லிடாத செவஸ்தி, தெரிஞ்சா அந்த மனுஷன் பாடவே மாட்டாரு'ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் என்கிட்டக் குடுத்து அனுப்புவா.

— எந்த மனுஷன்? யாருக்கா அவ?

— வீட்டுக்குப் போ நிகிதாஸ். போயி மரூக்லாகிட்ட மரியாதையாக் கேளு, நாளைக்கு மேசையில அவளுக்கு நாற்காலிய எந்தப் பக்கம் போடணும்னு.