பிரிக்காத உறைகள்

எங்கள் முத்திரை சேர்ப்போர் கழகத்தில் சுங்கான் பிடிக்காதவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை இல்ஃபோர்டில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவோம். அவர்கள் புகையை ஊதியபடி பூதக்கண்ணாடியால் பார்ப்பார்கள். நான் யன்னலோரமாக இருந்து பார்ப்பேன். ஒரு மனிதனுக்கு ஒரு பொழுதுபோக்குப் போதும் என்பது என் எண்ணம்.

தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் என்னால் பேச முடியாது. ஆகவே இன்ஸ்பெக்டரின் கேள்விகளுக்கு எழுதியே பதில் தருகிறேன். தமிழில் எழுதலாம், மொழிபெயர்ப்பாளர் மேரிறோஸ் அதை இங்கிலீசில் மாற்றுவார் என்றார்கள். மேரிறோஸ் நல்ல பிள்ளை. முதல் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு ஒட்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, "ஐயா, அவசரமில்லை, ஆறுதலா எழுதுங்கோ" என்றார். இரண்டாவது பக்கத்தை வாசித்த பிறகு கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எழுதுவது உண்மை என்பதால் அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

என் பெயர் தில்லையம்பலம். வயது ஐம்பத்தெட்டு. எழுபத்தொன்றில் லண்டனுக்கு வந்தேன். ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் வேலை. மணம் முடிக்கவில்லை. மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில், எனக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. மேலே மூன்று அறைகள். ஒன்றில் நான், மற்றொன்றில் வாடகைக்குக் கிறிஸ்துராஜா. மூன்றாவது அறைக்கு எண்பத்தொன்பது தை மாதம் குகதாசன் வந்தார். என்னை அடித்தவர் அவர்தான். ஏன் அடித்தார் என்பதுதான் இன்ஸ்பெக்டரின் கேள்வி.

அதற்கு முதலில் நான் என்ன சேர்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். வெறும் முத்திரையைச் சேர்ப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேலை. நான் சேர்ப்பது உறை. முத்திரையின் மேல் தபால் கந்தோர் அடிக்கிற வட்டமான சீல், அதில் ஊரின் பெயர், தேதி, எல்லாம் சிதையாமல் இருக்க வேண்டும். உறை பிரிக்கப்படாமல் இருந்தால் இன்னும் விசேஷம். எங்கள் வடபகுதியில் எண்பத்து மூன்றுக்குப் பிறகு சின்னச் சின்னத் தபால் கந்தோர்கள் ஒவ்வொன்றாகப் பூட்டுப்பட்டன. சில எரிந்தன. பூட்டுப்பட்ட கந்தோரின் சீல் பிறகு ஒருக்காலும் வராது. இதை உலகத்தில் யாரும் ஒழுங்காகச் சேர்க்கவில்லை. நான் சேர்த்தேன்.

குகதாசனுக்கு ஊரிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். மனைவி சந்திரவதனா எழுதுவார். உருண்டையான, கொஞ்சம் சாய்ந்த எழுத்து. குகதாசன் பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வருவார். நித்திரையால் எழும்பிக் கதவடியில் கடிதத்தைக் கண்டால் முகம்கூடக் கழுவமாட்டார். பெருவிரலை உறைக்குள் விட்டுக் கிழிப்பார். சரியாகச் சீலுக்குக் குறுக்கே.

ஒருநாள் குசினியில் வைத்துச் சொன்னேன். "தம்பி, கத்தரிக்கோலாலை ஓரத்தை வெட்டுமன். சீல் ரெண்டாப் போட்டுது."

அவர் கடிதத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "அண்ணை, நீங்கள் சோத்தைக் கொட்டிப்போட்டுக் கோப்பையை நக்கிற ஆளா இருக்கிறியள்" என்றார்.

கிறிஸ்துராஜா தேத்தண்ணி மூக்கில் ஏறும்வரை சிரித்தான். அந்தக் கிழமையே கோயிலில், அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோது, பின்னால் யாரோ "சீல் அண்ணை வாறார், வழி விடுங்கோ" என்றார்கள். குகதாசன் திரும்பிப் பார்த்து என்னிடம் கையசைத்தார். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் கையசைத்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கு, தாங்கள் மிதித்தது என்னவென்று குனிந்து பார்க்கும் பழக்கம் இல்லை.

தொண்ணூறு தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டரைக்குத் தபால் விழுந்தது. குகதாசன் நித்திரை. சந்திரவதனாவின் கடிதம். அதுவரை என்னிடம் இல்லாத ஓர் உப தபால் கந்தோரின் சீல், அச்சடித்ததுபோலத் தெளிவாக இருந்தது. அவர் எழும்பியதும், கத்தரிக்கோலால் வெட்டித் தாரும் என்று சொல்லிக் கொடுக்கலாம் என்றுதான் என் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் எழும்பிய நேரம் நான் வேலையில். நான் வந்த நேரம் அவர் அவசரத்தில். அடுத்த நாள் கொடுத்திருந்தால் ஏன் நேற்றுத் தரவில்லை என்று கேட்டிருப்பார். இப்படித்தான் அது என்னிடம் தங்கியது.

பிறகு வந்ததும் தங்கியது.

பின்னேரம் ஆறு மணிக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் படியில் நின்று, "அண்ணை, காலமை எனக்கு ஏதும் வந்ததோ?" என்று கேட்பார். "இல்லை" என்பேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். அதற்கு மேல் கதை எதுவும் கட்டவில்லை.

பங்குனியில் அவருக்குக் குடிவரவுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. மனைவியையும் நாலு வயது மகளையும் லண்டனுக்குக் கூப்பிடலாம் என்று. அதை நானே அவர் கதவைத் தட்டிக் கையில் கொடுத்தேன். நான் எல்லாக் கடிதத்தையும் எடுக்கிறவன் இல்லை என்பதற்கு இதைக் குறித்துக்கொள்ளலாம். அன்று அவர் கேசரி கிண்டி எங்கள் எல்லோருக்கும் தந்தார். சந்திரவதனாவும் பிள்ளையும் ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் செல்வமலர் என்ற மச்சாளின் வீட்டில் நின்று, விசா நேர்முகத்துக்குப் போக வேண்டும். அந்த நேரம் சண்டை ஓய்ந்திருந்தது. பாதை திறந்திருந்தது. பஸ்ஸில் ஒரு நாள் பயணம்.

அவர் எழுதினார். அவர்கள் வரவில்லை.

சித்திரை போனது. வைகாசி போனது. குகதாசனின் கழுத்து எலும்பு தெரியத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் தலையைக் கவிழ்ந்தபடி இருந்தார். "திருப்பித் திருப்பி எழுதுறன் அண்ணை. ஒரு வரி பதில் இல்லை. என்னை வேண்டாமெண்டு விட்டிட்டாளோ தெரியேல்லை."

அவருக்கு முன்னால் ஒரு தேத்தண்ணியை வைத்தேன். "பொம்பிளையளின்ரை மனம் தம்பி. தூரம் கூடினா மாறும்" என்றேன். அவர் தலையாட்டினார். அன்றுமுதல் என்னோடு பேசும்போது அவருடைய குரல் தணிந்திருந்தது. கோயிலிலும் யாரும் சீல் அண்ணை என்று கூப்பிடக் கேட்கவில்லை.

ஆனியில் மறுபடி சண்டை மூண்டது. பாதை பூட்டுப்பட்டது. கொழும்புக்குப் போன ஒருவர் மூலம் குகதாசன் வாய்ச்சொல் அனுப்பிப் பார்த்தார். அந்த ஆள் வடக்கே போகும் வழியில் வவுனியாவைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டார். கடிதங்கள் மட்டும் எப்போதாவது, இரண்டு மாதம் பிந்தி, யார் யாரோ கைமாற்றி வந்தன. சந்திரவதனா இடம்பெயர்ந்துகொண்டிருந்தார். உறையின் பின்பக்கம் எழுதியிருந்த விலாசத்திலிருந்து அது தெரிந்தது. கரவெட்டியிலிருந்து ஒன்று. கொடிகாமத்திலிருந்து ஒன்று. பிறகு நான் கேள்விப்பட்டேயிராத ஒரு கிராமத்திலிருந்து ஒன்று. அவர் ஒவ்வொரு ஊராக மாற மாற, எனக்கு ஒவ்வொரு சீலாகச் சேர்ந்தது. தன்னையறியாமல் அவர் என் தொகுப்புக்குச் செய்த உதவியை நான் மறுக்கவில்லை.

தொண்ணூற்றொன்று தை மாதம் வெள்ளவத்தையிலிருந்து செல்வமலர் ஒரு கடைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். குகதாசனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். சந்திரவதனா இறந்து இரண்டு மாதமாகிறது என்று செல்வமலர் சொன்னது எனக்கும் கேட்டது. மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்திருக்கிறது. பிள்ளை அன்று சித்தியோடு இருந்ததால் தப்பியது. குகதாசன் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார். மற்றப் பக்கம் துண்டித்த பிறகும் "ஓம்" என்றார். நான் அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்தேன்.

அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு சந்திரவதனாவின் கடிதம் இன்னொன்று வந்தது, என்னிடம் தங்கியதில் ஒன்பதாவது. இறப்பதற்கு ஐந்து நாள் முன்னர் போட்டது. சீலில் தேதி தெளிவாக இருந்தது. அனுப்பியவர் இல்லாமல் போன பிறகு வந்து சேர்ந்த உறை. இதன் அருமையைக் கழகத்தில் எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

பங்குனியில் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சி. என் ஒன்பது உறைகளையும் கண்ணாடிச் சட்டம் ஒன்றில் வரிசையாக வைத்தேன். நடுவில் ஒன்பதாவது. எல்லாம் பிரிக்காதவை. விலாசத்தை மறைத்திருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். விலாசத்தை மறைத்தால் உறைக்கு மதிப்பில்லை. மேலும், மனோர் பார்க்கிலிருந்து ஒரு தமிழன் அந்த மண்டபத்துக்கு வருவான் என்று யார் நினைப்பார்கள். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கழகத் தலைவர் சுங்கானை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் கையைக் குலுக்கினார்.

கிறிஸ்துராஜா நூல்நிலையத்தில் எங்கள் அறிவித்தலைப் பார்த்திருக்கிறான். அறைக்குள்ளேயே கிடக்கிற குகதாசனை எங்காவது வெளியே கூட்டிக்கொண்டு போனால் நல்லது, அண்ணைக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து அழைத்து வந்தான். நான் பரிசுப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இருவரும் உள்ளே வந்தார்கள்.

குகதாசன் என் சட்டத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு சொன்னார், "அண்ணை, இது என்ரை பேர்."

"ஓம்" என்றேன்.

"இது சந்திராவின்ரை எழுத்து."

"ஓம்."

அவர் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி நிலத்தில் வைத்து, சப்பாத்துக் குதியால் கண்ணாடியை உடைத்தார். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, தேதி வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பிரித்தார். கையில் இரத்தம் வந்தது. தலைவர் ஓடிவந்து ஏதோ சொல்ல, கிறிஸ்துராஜா அவரைத் தடுத்தான். அரை மணி நேரம் இருந்து வாசித்தார். ஒரு கடிதத்தில் ஓர் இடத்தை மட்டும் குகதாசன் வாய்விட்டு வாசித்தார். யாருக்கு வாசித்தார் என்று தெரியவில்லை. அங்கே தமிழ் விளங்கியவர்கள் நாங்கள் மூவர்தான்.

"கொழும்புக்கு வாறதோ, இஞ்சையே நிக்கிறதோ எண்டு ஒரு வரி எழுதுங்கோ. நீங்கள் சொன்னா நாளைக்கே வெளிக்கிடுவன். உங்கடை கடிதம் வருமட்டும் நானும் பிள்ளையும் அசையமாட்டம்."

ஒன்பதையும் வாசித்து முடித்து, மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். பிறகு எழும்பி வந்து அடித்தார். இரண்டு அடி. முதல் அடியிலேயே தாடை உடைந்தது என்று டொக்டர் சொல்கிறார். இரண்டாவது தேவையற்றது.

நேற்றுக் கிறிஸ்துராஜா வந்து இந்தக் கட்டிலின் காலடியில் நின்றான். வழக்கு நடந்து தண்டனை கிடைத்தால், தாயில்லாத பிள்ளையைக் கூப்பிடுகிற அலுவல் குழம்பிப்போகும், "வழக்கு வேண்டாமெண்டு ஒரு சொல் எழுதிக் குடுங்கோ அண்ணை" என்று கெஞ்சினான். நான் அவனுக்குக் கொப்பியில் எழுதிக் காட்டினேன்: பலர் பார்க்க ஒரு முதியவனை அடித்ததை நான் மன்னிக்கலாம், சட்டம் மன்னிக்காது. அவன் வாசித்துக் கொப்பியை மூடி வைத்துவிட்டுப் போனான். வழக்கை நான் மீளப்பெறவில்லை என்பதை இங்கே உறுதிப்படுத்துகிறேன். உறைகளை வழக்கு முடிந்ததும் என்னிடம் திருப்பித் தர வேண்டும். உள்ளேயிருக்கும் தாள்களை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

இன்ஸ்பெக்டரின் கடைசிக் கேள்வி, என் அலுமாரியில் எடுத்த பிஸ்கற் தகரத்தைப் பற்றியது. அதற்குள், எழுதிய தாளையே உறையாக மடித்து ஒட்டுகிற நீல நிற ஏரோகிராம்கள் இருந்தன. எல்லாம் குகதாசன் சந்திரவதனாவுக்கு எழுதியவை. முதலாவதின் தேதி பங்குனி மாதம், கேசரி கிண்டியதற்கு அடுத்த நாள்.

அவை என்னிடம் வந்த விதம் இது. இரவு முழுக்க வேலை செய்து களைத்து வருகிறவர். நான் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகும் வழியில் தபால்பெட்டி இருக்கிறது. போட்டுவிடுகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். முதலாவதைத் தரும்போது அவர் இரண்டு கையாலும் தந்தார். "எண்டைக்கு வெளிக்கிடோணும், ஆரோடை வரோணும், எல்லாம் இதிலை எழுதியிருக்கிறன். கவனமாப் போட்டுவிடுங்கோ அண்ணை" என்றார். நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இவற்றையும் சேகரிப்புக்காகத்தான் எடுத்தீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். இல்லை. ஏரோகிராமில் முத்திரை தாளோடு சேர்த்தே அச்சிடப்பட்டிருக்கும். தபாலில் போகாததால் சீலும் இல்லை. எங்கள் கழகத்தில் இப்படிப்பட்டதை ஒருவரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். எனக்கும் அவற்றால் ஒரு பயனும் இல்லை.

அப்படியென்றால் ஏன் போடவில்லை என்று கேட்டால், எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். முதல் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்த காலை மழை பெய்தது. பெட்டி வீதியின் மற்றக் கரையில் இருந்தது. என்னிடம் குடை இல்லை. வீதியைக் கடக்கவில்லை.

மொத்தம் பதினொரு கடிதங்கள் என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார். நானும் எண்ணிப் பார்த்தேன், சரிதான். பதினொரு நாளும் மழை பெய்திருக்க வேண்டும்.