சூப்பர்வைசர் சொன்ன அந்த வார்த்தை

விருத்தாசலத்தில் பஸ் கிளம்பும் முன்பே என் முன்சீட்டில் சத்தம் தொடங்கிவிட்டது. பீங்கான் பொம்மை கம்பெனியில் வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள். மூத்தவளின் முழங்கையில் வெள்ளை மண் காய்ந்திருந்தது.

"பொம்மைங்கல்லாம் சூளைத் தட்டோட ஒட்டிக்கிச்சாம். சூட்டுல உருகி ஒட்டிக்கும்னு, அடியில பட்ட கிளேஸு பூச்சத் தொடச்சிட்டுத்தான் வெச்சேன்னு சொல்றேன், சூப்பர்வைசர் சிரிச்சிக்கிட்டே 'அன்பிலீவபிள்'ங்கிறான்."

"அது திட்டு இல்லக்கா. நம்ப முடியலன்னு அர்த்தம்."

"திட்டியிருந்தா வாங்கிக்கிட்டு வந்திருப்பேன். இது என்னைப் பொய்க்காரின்னு சொல்றதுதான? அதுக்கு கம்பெனியில நின்ன எல்லாரும் சிரிக்கிறீங்க!"

"நான் சிரிக்கலக்கா."

"நீயாவது என்னை நம்புறியாடி?"

"நம்பாம? நீ தொடைக்கிறப்ப பக்கத்துலதான நின்னேன்."

"அப்ப அங்க ஏண்டி வாயத் தொறக்கல?"