வேணியை வரவைத்த எர்ரர்

எனக்குத் தனியா சாப்பிடப் பிடிக்காது சார். அம்மா போனதுக்கப்புறம் பாளையங்கோட்டை வீட்ல நான் மட்டுந்தான். ஆள் சத்தம் வேணுமேன்னு டிவியைப் போட்டுட்டு அடுப்படியில நிப்பேன்.

நான் கம்ப்யூட்டர் பாத்துக்கிடுத ஆஸ்பத்திரிக்கு அம்பையில, அதான் அம்பாசமுத்திரத்துல, ஒரு கிளை உண்டு. ரெண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். எனக்கு மேல மாடியில வேலை பாக்குத வேணி தினமும் காலையில ஒரு க்வெரி ஓட்டுவா, டேட்டாபேஸ்கிட்ட கேக்குத கேள்வி மாதிரி. ரெண்டு பக்கமும் என்னென்ன டேபிள், அதுல விவரம் நிரப்புத கட்டம், அதான் ஃபீல்டு, என்னென்ன இருக்குன்னு பேரை மட்டும் சேத்துப் பாக்குத க்வெரி. அம்பையில புதுசா ஒரு ஃபீல்டு வந்தா அதுலதான் தெரியும். இங்கனயும் சேத்தாதான் அந்த விவரம் இங்க வரும்.

எழுத்தை எப்படி ஒப்பிடணும்னு ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒரு விதி வச்சிருக்கும். கொலேஷன்னு சொல்லுவோம். அம்பைக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. ரெண்டு பக்கத்துப் பேரையும் சேத்தா ஒத்துப்போகாது, க்வெரி நின்னுரும். இந்த விதிப்படி பாருன்னு ஒரு வார்த்தை சேத்தா தீந்துது. வேணிக்கு அது தெரியாது. "அண்ணாச்சி, கொஞ்சம் பாருங்களேன்"னு கீழ இறங்கி வந்தா. பக்கத்துல உக்காந்தா. டிபன் பாக்ஸைத் திறந்து சொதி ஊத்திக் குடுத்தா.

சரி பண்ணிக் குடுத்தேன். அப்புறம் அவ கீழ வரவே இல்ல. அதனால அவளுக்குத் தெரியாம அந்த வார்த்தையை எடுத்துட்டேன். எர்ரர் வந்தா வருவா, சேப்பேன், கொஞ்ச நாள் கழிச்சு எடுப்பேன். "இந்தச் சனியன் ஏன் அண்ணாச்சி இப்படிப் படுத்துது"ன்னு சிரிப்பா. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல.

அப்புறம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. கீழ வந்தாலும் எந்திரிச்சு ஓடத்தான் பாப்பா. அந்த வாரம் "பாக்குதேன், பாக்குதேன்"னு இழுத்தேன். அவளும் தினமும் வந்தா.

அதே வாரம் அம்பையில மருந்து ஒவ்வாமைக்குன்னு புது ஃபீல்டு ஒண்ணு சேத்தாங்க. எனக்குத் தெரியும் சார். வேணி இல்லாதப்ப நான் வார்த்தையைச் சேத்து ஓட்டிப் பாத்துட்டு, திரும்ப வார்த்தையை எடுத்துட்டேன். சொல்லிட்டா அன்னைக்கே வேலை முடிஞ்சிருமே.

ஞாயித்துக்கிழமை அப்பாத்துரைன்னு ஒரு பெரியவரை அங்கேருந்து இங்க மாத்துனாங்க. மூச்சுத்திணறல், பேச முடியல. எந்த ஊசி ஆகாதுன்னு அம்பையில பதிஞ்சிருந்துது. இங்க டாக்டர் ஸ்கிரீன்ல வரல. அவர் வந்த விவரமும் அம்பையில பதிஞ்சதும் என் ஸ்கிரீன்ல ஓடுச்சு. வார்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டா, உமக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க, வேணி காதுக்கும் போயிரும். பேசாம இருந்துட்டேன். அதே ஊசியைப் போட்டாங்க. அவர் மக கதறுனது லிஃப்ட் வரைக்கும் கேட்டுது. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துது.

க்வெரி வேணி பொறுப்பு. அவளை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. கல்யாணமும் நின்னுபோச்சு. நான் வாயத் திறக்கல. தினமும் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி அழுவா. பைய பைய தேத்துவேன். முந்தியெல்லாம் எங்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதே கிடையாது.

வார்த்தையை எடுத்தது நான்தான். தெரிஞ்சே அவரைச் சாக விட்டதும் நான்தான். எங்கன வேணாலும் கையெழுத்துப் போடுதேன். என் போனை மட்டும் கொஞ்ச நேரம் குடுங்க சார். அவ கூப்பிடுத நேரம். பாவம், அவளுக்கு என்னை விட்டா வேற யாரு இருக்கா?