பீடிக்கடை விலக்கில் பத்துப் பேர்

பாளையங்கோட்டை பெற்றெடுத்த பண்பாளரே! பொருநைக் கரையின் பொறியியல் புலமையே! முப்பத்து மூன்று ஆண்டுகள் சாலைக்கே வாழ்நாளைத் தந்து இன்று ஓய்வு பெறும் உதவிப் பொறியாளர் தேவதாசன் அவர்களே! வணக்கம்!

கணிப்பொறி என்றால் சாதகம் கணிக்கும் பெட்டி என்று நாங்கள் எண்ணியிருந்த தொண்ணூற்று மூன்றிலேயே, தாங்கள் அதன் திரையில் சாலையை வரைந்து, பேருந்தையும் பாதசாரியையும் புள்ளிகளாக ஓடவிட்டு, விபத்து எங்கே நேரும் என்று முன்கூட்டியே கண்டு சொன்னீர்கள். "புள்ளி மோதுனா போட்டும்லே, புள்ள மோதக் கூடாது" என்பீர்கள்.

ஆனால் திரைக்குத் தீனி, தரையில் எண்ணிய கணக்குத்தானே! கிளைச்சாலை பிரியும் பீடிக்கடை விலக்கில் சாலையைக் கடப்போரை மூன்று மணி முதல் ஆறு மணி வரை எண்ணிவர எழுத்தர் நாறும்பூநாதனை நம்பி அனுப்பினீர்கள். அவரோ வெயிலுக்கு மதார் டீக்கடையில் ஒதுங்கினார். "இங்கன இருந்தே எழுதும்வே, கம்ப்யூட்டருக்குக் கண்ணா இருக்கு?" என்றார் மதார். 'பத்து' என்று எழுதிவிட்டு, நாலு மணிப் பேருந்தில் சேரன்மகாதேவிக்கு வீடு போய்ச் சேர்ந்தார் நம்மவர். சுற்றிய பீடியைத் தட்டில் ஏந்திப் பெண்கள் கடைக்கு வருவது ஐந்து மணிக்கு.

திரை ஆபத்தில்லை என்றது. வேகத்தடை வேண்டாமென்று தாங்கள் கையொப்பமிட்டீர்கள். ஆறாம் மாதம் அதே இடத்தில் பேருந்து மோதி, பீடி சுற்றும் ஆறுமுகத்தாயின் வலக்கால் போயிற்று.

விசாரணையில் அந்த அம்மாள் ஊன்றுகோலோடு நின்று, "தட்டோட நூறு பேரு கடக்கோம். பத்துன்னு எவன்யா எண்ணுனான்?" என்று கேட்டார். நாறும்பூநாதன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"நாந்தாம்மா" என்றீர்கள் தாங்கள்.

தங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அன்றோடு போயிற்று. திரும்பும் வழியில்கூட நாறும்பூநாதனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பார். மறுநாள் தாங்களே போய் நின்று எண்ணினீர்கள்: நூற்றுப் பன்னிரண்டு. இன்று அங்கே வேகத்தடை இருக்கிறது. அந்த அம்மாளுக்குக் கால்தான் இல்லை.

நான்கு ஆண்டுகளாக மூடி வைத்த இதை, சக ஊழியர்களும் இப்போதுதான் கேட்கிறார்கள்.

ஐயா, நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! பேரப்பிள்ளைகள் சூழப் பெருமிதத்தோடு வாழ்க! கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலை உள்ளறையில் ஒளிக்காமல், வருவோர் போவோர் படிக்கும்படி வாசலறையில் மாட்டுங்கள். அந்தப் பத்து தாங்கள் எண்ணியதல்ல என்று ஊர் அறியட்டும்.

தங்கள் பிரிவால் வாடும்
அலுவலக ஊழியர்கள்

எழுதி வாசிப்பவர்:
நாறும்பூநாதன், எழுத்தர்
31.5.1997