முன்பாதி மாமியார் வீட்டில்

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பேருந்தில், முன் சீட்டு வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மூன்று சீட்டு தள்ளியிருந்த எனக்கும் கேட்டது.

"துப்பாக்கில முன்பாதி எங்க மாமியா வீட்டுல இருக்கு வே."

"பின்பாதி?"

"நம்ம பீரோல."

"லைசென்ஸ் உள்ளதுதான அண்ணாச்சி, ஏன் பிரிச்சீய?"

"வயல்ல பன்னி வருதுன்னு வாங்குனது. ரெண்டு பாதியையும் சேத்துப் பிடிக்குத பின்னு பழசு, சுத்தியலால தட்டுனாத்தான் கழறும். போன மாசம் புதுசா நல்ல பின் ரெண்டு போட்டேன். விரலால இழுத்தாலே வந்துருது. பெருமையா பொண்டாட்டிட்ட காட்டுனேன்."

"சரி."

"எனக்கும் தம்பிக்கும் வரப்புச் சண்டைல்லா. மறுநாளே அவளே கழத்தி, குழலப் பழைய சேலைல சுத்தி, ஆழ்வார்குறிச்சில அவ அம்மைட்ட குடுத்துட்டு வந்துட்டா."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வரப்ப இன்னும் ஒரு முழம் நவட்டிருவான். அதான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல."

"நாங்களும் விட மாட்டோம் அண்ணாச்சி" என்றார், கடைசி சீட்டில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர்.