பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர்

"பச்ச ஒடம்புக்காரிக்குச் செம்பு செம்பா தண்ணி ஊத்தப் போறியா, நீ என்ன அவள—"

"இந்த மாத்திரைக்குத் தண்ணி குடிச்சே ஆகணும்மா. டாக்டர் உத்தர—"

"டாக்டரா புள்ள பெத்தாரு? நா ஏழு பெத்தவ. ஒரு சொட்டு எந் நாக்குல பட்டிருக்குமா, கேளு—"

"ஏழுல எத்தனம்மா தங்கிச்சு?"

எனக்குச் சத்தம் போட்டுப் பேசும் பழக்கம் இல்லை, டாக்டர் ஐயா. அன்றைக்கும் மெதுவாகத்தான் கேட்டேன். பெற்றதில் எத்தனை தங்கின என்பது நர்சு வேலையில் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அதற்கு ஆக்னஸம்மாளின் முகம் ஏன் அப்படிக் கறுக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"ஏளா, பனங்காட்டுல கருப்பட்டி காய்ச்சுன குடும்பம். ஒரு வெள்ளச் சேலயச் சுத்திக்கிட்டு எனக்குப் படிச்சுக் குடுக்க வந்துட்டியோ?" என்றார்கள். வாசலில் கூடையை இறக்கிய மீன்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர்கள் மருமகள் ஹில்டா எப்படிச் செத்தாள் என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நீங்கள் மதராசுக்கு ரயிலேறுமுன் சொன்னது ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. பேறுகாலக் காய்ச்சல், சல்பா மாத்திரை, வேளை தவறக்கூடாது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், கூடவே சோடா உப்புக் கரைசல். பேதிக்குக் கொடுக்கக்கூடாது. சிறுநீரைக் கவனிக்க வேண்டும். குறைந்தாலோ சிவந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டுத் தந்தி அடிக்க வேண்டும். "ஞானபாய் இருக்கையில எனக்கென்ன கவலை" என்று ஹில்டாவின் புருஷன் மரியானிடம் சொன்னீர்கள். யுத்த காலத்தில் கிடைக்காத மாத்திரையைக் கொழும்பில் யார் யாரையோ பிடித்து வாங்கி வந்தவன் அவன்தான். கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி தோணியேறிப் போய்விட்டான்.

அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆளுயரக் கண்ணாடி, பூப்போட்ட பீங்கான், மாதாவுக்கு வெள்ளி முடி. ஊரெல்லாம் தெருக்குழாயில் குடத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ள, வல்லநாட்டுத் தண்ணீர் அவர்கள் முற்றத்துக்குள்ளேயே வந்து கொட்டும். நாய் குடிக்கலாம். தொட்டியிலிருக்கிற குரோட்டன்ஸ் குடிக்கலாம். பிள்ளை பெற்றவள் மட்டும் குடிக்கக்கூடாது. வயிறு பானையாகிவிடுமாம், பிள்ளைக்குச் சளி கட்டுமாம். வேளைக்கு ஒரு கரண்டிப் பேறுகாலக் காய லேகியமும் கையளவு சோறும்தான். வெள்ளி முடி வாங்கக் காசிருக்கிறவர்களுக்குப் புத்தி வாங்கக் கடையில்லை.

நான் அந்த வீட்டில் யாருக்கும் பயந்தவள் இல்லை. சன்னலையெல்லாம் அடைத்துச் சாம்பிராணி போட்டு வைத்திருந்தார்கள். திறந்தேன். கத்தினார்கள். திறந்தே கிடந்தது. பழந்துணியை மஞ்சளில் முக்கி வைத்திருந்தார்கள், அடுப்பில் போட்டேன். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்கள். வாங்கிச் சாக்கடையில் கொட்டினேன். முணுமுணுத்துவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும்தான் பெரியவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன். கருப்பட்டிப் பேச்சு முடிந்ததும் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரிம்மா. ஒங்க இஷ்டப்படியே தண்ணி குடுக்கல" என்றேன்.

"அப்பிடி வா வழிக்கு," என்றார்கள்.

இந்த மாத்திரை தண்ணீரில் லேசில் கரையாது. உள்ளே போனது சிறுநீரோடு வெளியேற வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் பாத்தியில் நீர் வற்றி உப்பு விளைகிற மாதிரி மூத்திரக் குழாயிலேயே விளைந்து அடைத்துக்கொள்ளும். உப்பளத்து ஊரில் பிறந்த எவளுக்கும் இதை ஒரே வாக்கியத்தில் புரியவைக்கலாம். ஆக்னஸம்மாளுக்கு நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். படித்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் அவர்கள் வீட்டு வெள்ளி முடியா சரிந்துவிடும்?

மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்த நேரத்தில் ஹில்டா என் சேலை நுனியைப் பிடித்தாள்.

"அக்கா, ஒரு மடக்கு. மாமிக்குத் தெரியாது."

"மாமிட்ட கேளு."

"கேட்டா ஏசுவாவ அக்கா. நாக்கு ஒட்டிக்கிடுது."

"வீட்டுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குல்லா, ஹில்டா."

அந்தப் பெண்ணுக்கு வாயில்லை. வாயில்லாத பெண்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை, அலுப்புத்தான் வரும். நான் அந்தப் பக்கம் திரும்பியபோது நெற்றியில் போட்டிருந்த ஈரத்துணியை எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பிடுங்கி வைத்தேன். வேளை வந்தது. மாத்திரையைத் தூளாக்கிக் காயத்தில் குழைத்து ஊட்டினேன். ஒரு வேளைகூட நான் தவறவிடவில்லை, ஐயா. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் இறங்கியது. நல்ல மாத்திரை. ஆக்னஸம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்களை அழைத்து, "பாத்தியளா, தண்ணி காட்டாமலே எம் மருமவளக் காப்பாத்திட்டேன். இவ பேச்சக் கேட்டிருந்தா இன்னேரம் பெட்டி செய்யச் சொல்லியிருக்கணும்" என்று என்னைக் காட்டிச் சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று காலையிலேயே சிறுநீர் தேயிலைச் சாயம்போல இறங்கியிருந்தது. அடியில் மணல்போலப் படிந்திருந்ததையும் பார்த்தேன். மறுநாள் சில சொட்டுகள் வந்தன. பிறகு அதுவும் இல்லை.

தபாலாபீஸ் அந்தத் தெருமுனையில்தான் இருக்கிறது. நான் போகாமல் இல்லை. போய், ஒரு கார்டு வாங்கி நாசரேத்தில் இருக்கும் என் தங்கைக்கு எழுதிப் போட்டுவிட்டு வந்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆக்னஸம்மாள் என் முன்னால் வந்து நின்று, "நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை, அந்த மீன்காரி காதுபட, சொல்லியிருந்தால் போதும். அந்த நிமிஷமே செம்பை நிமிர்த்தியிருப்பேன், மாத்திரையை நிறுத்தியிருப்பேன், தந்தியும் அடித்திருப்பேன். அதற்காகத்தான் காத்திருந்தேன். அவர்கள் வரவில்லை. வறட்டு கௌரவம் ஒரு மனுஷியை எந்த அளவுக்குக் கொண்டுபோகும் என்று அங்கேதான் பார்த்தேன்.

ஹில்டாவின் முகம் ஊதி, ஓங்கரிப்பெடுத்து, பிள்ளையைக் காட்டினால்கூட அடையாளம் தெரியாமல் போனபோது ஆக்னஸம்மாளே செம்போடு ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் பாதி தரையில் கொட்டியது. "குடு நர்ஸம்மா. எம்புட்டு வேணுமோ குடு," என்றார்கள். இனி உள்ளே தங்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டார்கள் அல்லவா, கொடுத்தேன். கடைவாய் வழியாக வழிந்தது.

அறியாமல் நடந்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அது என் படிப்புக்கு இழுக்கு. ஒவ்வொரு வேளையும் தெரிந்தேதான் கொடுத்தேன், தெரிந்தேதான் தண்ணீரை நிறுத்தினேன். உத்தரவு போட்டது அந்த வீடு. அவர்களுக்கு ஒரு பாடம் வேண்டியிருந்தது. ஹில்டா அதற்கு நடுவே வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் திரும்பிய பிறகு என் பையை எடுக்கப் போனேன். ஆக்னஸம்மாள் பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏசுவார்கள் என்று நினைத்தேன், பதிலும் வைத்திருந்தேன். ஏசவில்லை. நான் திறந்து வைத்த சன்னலையே பார்த்துக்கொண்டு, என்னிடம் முதல்முறையாக ஒன்று கேட்டார்கள்.

"சன்னல அடைன்னேன், தொறந்த. எண்ண குடுன்னேன், கொட்டுன. நா சொன்ன ஒண்ணயும் கேக்காதவ, தண்ணி குடுக்காதன்னதுக்கு மட்டும் ஏன் நர்ஸம்மா எம் பேச்சக் கேட்ட?"