பதினைந்தாவது மட்டை

நான் கால்ஃப் ஆடியதே இல்லை, டாக்டர். ஒரே ஒரு முறை மட்டையை வீசிப் பார்த்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, இடுப்புதான் பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்டவன்தான் என் மகள் தக் சேரினுக்கு ஒன்பது வருஷம் பை தூக்கினேன். அந்த வேலைக்குப் பெயர் கேடி. பொருத்தமான பெயர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இக்சான் ஊரில் எங்களுக்குக் கோழி வறுவல் கடை. வாரநாளில் எண்ணெய்ச் சட்டி, போட்டி வந்தால் என் மனைவி யோங்நேயிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு மைதானம். அங்கே தொலைக்காட்சிக்காரர்கள் என்னை மரியாதையாக "அப்பா" என்பார்கள். கடையில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏய் மாமா, இன்னொரு பீர்" என்பதோடு சரி. எந்த வேலையை நான் விரும்பியிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது அந்த மகளிர் சாம்பியன்ஷிப்பைப் பற்றி. வருஷத்தின் பெரிய பட்டம். கங்வொன் மலையில் நான்கு நாள் ஆட்டம். மூன்றாம் நாள் முடிவில் சேரின் மற்றவர்களைவிட மூன்று அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தாள். சாயங்காலம் மைதானத்துக்குக் கீழே இருந்த கடையில் சூப்பில் சோற்றைக் கரைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தன் கிண்ணத்திலிருந்த இறைச்சியை எடுத்து என் கிண்ணத்தில் போட்டாள்.

"அப்பா, நாளைக்கு ஜெயிச்சா எனக்கு அமெரிக்கால ஆட இடம் கிடைச்சிரும்."

"கிடைக்கட்டும், போவோம்."

"இல்லப்பா. அங்க வேற கேடி பேசி வெச்சிருக்கேன். உங்களுக்கும் இடுப்பு வலி. இனிமே அம்மாகூட நிம்மதியா இருங்க. நான் சம்பாதிச்சு அனுப்பறேன்."

நல்ல பெண். என் இடுப்பைப் பற்றி அவளைத் தவிர யாரும் கவலைப்பட்டதில்லை. நான் "சரிம்மா" என்றேன். சூப்பு சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன்.

மறுநாள் காலை பயிற்சி மணற்குழியில் பழைய மட்டை ஒன்றை வைத்து அடித்துப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டாள். ஆட்டத்தில் ஒருவர் பையில் பதினான்கு மட்டைகள்தான் இருக்கலாம். ஒன்று கூடினாலும் தண்டனை உண்டு: ஒரு குழிக்கு இரண்டு அடி கூட்டுவார்கள், அதிகபட்சம் நான்கு. இந்த ஆட்டத்தில் குறைவாக அடிப்பவர்தான் ஜெயிப்பவர். கூட்டினால் நஷ்டம். கோழிக் கடைக்காரனுக்கு இந்தக் கணக்கு பழகக் கொஞ்ச காலம் ஆனது. ஆனால் பழகிவிட்டது.

அந்தப் பழைய மட்டையைத் துண்டில் சுற்றிப் பையில் குடைக்குப் பின்னால் செருகினேன்.

தொடங்கும் முன் வழக்கம்போலக் கேட்டாள்: "எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன்."

நான் பொய் சொல்லவில்லை. எண்ணித்தான் இருந்தேன். பதினைந்து.

முதல் இரண்டு குழிகளையும் பிசிறில்லாமல் முடித்தாள். மூன்றாவதின் தொடக்கத்தில் துண்டை உருவினேன். "சேரின், இது என்னம்மா?" என்றேன். என் குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை. எனக்கே ஆச்சரியம். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நானே கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். நான்கு அடி. மூன்று அடி முன்னால் இருந்தவள் ஓர் அடி பின்னால் போனாள்.

அதன்பின் நான் பார்த்த வேலை இருக்கிறதே, டாக்டர், வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பை தூக்கியதில்லை. காற்று எந்தப் பக்கம், புல் எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் சரியாகச் சொன்னேன். பாவம், அவளும் உயிரைக் கொடுத்து ஆடினாள். ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றாள்.

தவறைத் தானே முன்வந்து சொன்ன நேர்மையான தகப்பன் என்று ஒரு பத்திரிகை என்னைப் பாராட்டியது. வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டினார். கழற்றினால் நன்றாக இருக்காதே என்று விட்டுவிட்டேன்.

ஆட்டம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் காரில் அழுதாள்.

"மன்னிச்சிருங்கப்பா. அடிச்சுப் பாத்துட்டு நான்தான் மறந்து பையில வெச்சிருக்கணும். ஊரே பாக்க உங்களைத் தலைகுனிய வெச்சுட்டேன்."

"விடும்மா. மனுஷன்னா மறதி இருக்கத்தான் செய்யும்."

மன்னித்துவிட்டேன். எனக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்கிற பழக்கமில்லை.

அமெரிக்காப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் எண்ண ஆரம்பித்தாள். முதலில் ஒவ்வொரு குழியிலும் மட்டைகளை. ஆட்டம் தாமதமாகிறது என்று எச்சரித்தார்கள். பிறகு போட்டிக்குப் போவதையே விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தாள். மேஜையில் சாப்பிடும் குச்சிகளை எண்ணுவாள். பொட்டலத்தில் கோழித் துண்டுகளை எண்ணுவாள், அவிழ்த்து மறுபடி எண்ணுவாள். "என்ன மாமா, கோழி இப்பத்தான் முட்டைலேந்து வருதா?" என்று வாடிக்கையாளர்கள் கிண்டலடிப்பார்கள். நானும் சிரிப்பேன். மகள் வீட்டோடு இருக்கிறாள், மூன்று வேளையும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். பழைய நாட்கள் திரும்பி வந்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

யோங்நே மட்டும் ஒருநாள் கேட்டாள்: "நெஜத்தைச் சொல்லுங்க. அந்த மட்டை எப்படிப் பைக்குள்ள போச்சு?"

"அதுக்கு என்ன, காலா இருக்கு?" என்றேன்.

"இல்லையில்ல. அதான் கேக்கறேன்."

அன்றிலிருந்து எனக்கு அவள் சோறு போட்டு வைப்பதோடு சரி, பேசுவதில்லை.

பிப்ரவரிக் குளிரில் கடைக்குப் பின்னால் காலி பீர் பாட்டில்களை எண்ணிக்கொண்டே நின்றுவிட்டாள் சேரின். உள்ளே இழுத்து வந்தபோது விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. அப்போதும் "ஒண்ணு கூட இருக்குப்பா, ஒண்ணு கூட இருக்கு" என்றாள். அதன்பிறகுதான் உங்களிடம் கூட்டி வந்தோம்.

அது அவள் தவறில்லை என்று அவள் நம்பினால்தான் குணமாகும் என்கிறீர்கள். நீங்கள் படித்தவர், சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மட்டையை வைத்தது நான். தெரிந்துதான் வைத்தேன். அவள் ஜெயித்துவிடுவாள் என்று நன்றாகத் தெரிந்ததால் வைத்தேன்.

ஆனால் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள். வசந்தத்தில் மறுபடி ஆடிப் பார்க்கலாம் என்று நேற்றுத்தான் வாயைத் திறந்து சொன்னாள். பையை நான்தான் தூக்க வேண்டுமாம், வேறு யாரையும் நம்ப முடியவில்லையாம். குழந்தை அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறாள், அதைக் கெடுக்க ஒரு தகப்பனுக்கு எப்படி டாக்டர் மனசு வரும்?